நீவாடு இங்கேயும் இழுக்கிறது அப்பா

கிர்க்வால், ஆர்க்னி தீவுகள், ஸ்காட்லாந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். முட்டிவலிக்கு டாக்டரிடம் போனீர்களா, இல்லை இன்னும் தைலத்தோடுதான் ஓடுகிறதா?

கடலில் எப்படி கரண்ட் எடுக்கிறார்கள் என்று போனில் கேட்டீர்கள், நான் பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. பாம்பன் கடலில் பிழைத்தவருக்கு இது சட்டென்று புரியும்.

ஞாயிற்றுக்கிழமை டியூட்டி இல்லை, ஃபெர்ரி ஏறி ஈடே தீவுக்குப் போனேன். வழியில் ஃபால் ஆஃப் வார்னெஸ் என்று ஒரு இடம், தீவுகளுக்கு நடுவே தண்ணீர் வினாடிக்கு 4 மீட்டர் வரை பிய்த்துக்கொண்டு ஓடும். நம் பாலத்துக்கு அடியில் கடல் நீரோட்டம், நீங்கள் சொல்லும் நீவாடு, இழுக்கும்போது வள்ளத்தை ஓரமாகப் பிடித்துக்கொண்டு காத்திருப்பீர்களே, அதே இழுப்பு. அதற்கு நடுவில் மஞ்சளாக, நீளமாக ஒன்று, நாலு பக்கமும் சங்கிலி போட்டு மிதக்கிறது. ஓ2 என்று பெயர், 74 மீட்டர். இரண்டு பக்கமும் கை மாதிரி நீட்டித் தண்ணீருக்குள் இறக்கியிருக்கிறார்கள், கை முனையில் 20 மீட்டர் விசிறி. தண்ணீர் இழுப்பில் அது சுற்றித்தான் கரண்ட் வருகிறது. ரிப்பேர் என்றால் கையை மேலே தூக்கிவிட்டுப் படகிலிருந்தே பார்த்துவிடலாம். 2021-இலிருந்து இருக்கிறது. 2 மெகாவாட், ஏறக்குறைய 2,000 வீட்டுக்குப் போதுமாம். கடலடி கேபிள் வழியாக ஈடேயில் கரையேறுகிறது.

தண்ணீர் ஆறு மணி நேரம் ஒரு பக்கம் ஓடும், கொஞ்சம் நிற்கும், அப்புறம் திரும்பும். விசிறியின் இதழ்களும் அதற்கேற்ப முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எல்லாம் நிலாக் கணக்கு, அதனால் அடுத்த வருஷம் எந்த நாள் எந்த நேரம் எவ்வளவு ஓடும் என்று இப்போதே எழுதி வைக்கலாம். அலை அப்படி இல்லை. இதே ஆர்க்னியில் 2004-இல் கடல்பாம்பு மாதிரி வளைந்து நெளிகிற பெலாமிஸ் என்ற மிஷினை அலையில் விட்டு கரண்ட் எடுத்தார்கள், ஆனால் அதைச் செய்த கம்பெனி 2014-இல் நொடித்துப் போனது. அலையை நம்பித் தொழில் செய்வது எப்படி என்று உங்களுக்கா சொல்ல வேண்டும்!

இன்னொரு கூத்து கேளுங்கள். காற்றாடிகளையும் சேர்த்தால் இந்தத் தீவுகளுக்கு வேண்டியதைவிட அதிகமாகவே கரண்ட் கிடைக்கிறது, ஆனால் அதை அக்கரைக்குக் கொண்டுபோகிற கேபிளுக்கு அவ்வளவு தெம்பு இல்லை. மிஞ்சினால் காற்றாடியை நிறுத்தி வைக்கிறார்கள், ஈடேயில் மிஞ்சினதை வைத்துத் தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன்கூடப் பிரித்துப் பார்த்தார்கள். இவ்வளவுக்கும் நடுவில், ஹீட்டர் போட்டால் என் வீட்டு பில் மட்டும் சம்பளத்தைக் கடிக்கிறது. அம்மாவிடம் சொல்லாதீர்கள், கவலைப்படுவாள்.

ஃபெர்ரியில் பக்கத்தில் இருந்த பெரியவரிடம் பாம்பனைப் பற்றிச் சொன்னேன். அங்கே தண்ணீர் நிலாவுக்குத் திரும்புமா, காற்றுக்குத் திரும்புமா என்று கேட்டார். கச்சான் காற்று, வாடைக் காற்று என்று நீங்கள் பேசியது காதில் இருக்கிறது, கணக்குதான் தெரியவில்லை. எங்கள் அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அடுத்த தடவை போனில் மெதுவாகச் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்.

உங்கள் அன்பு மகள்