முதல் வேலை தேடும் என் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா நலம். எலக்ட்ரீஷியன் வேலை தேடி அலையும் உன் குரலில் நேற்று சோர்வு தெரிந்தது. "அனுபவம் இல்லாதவங்களை எடுக்கிறதில்லைன்னு சொல்லிட்டாங்கம்மா" என்று நீ சொன்னபோது போனில் எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. எழுத உட்கார்ந்தால்தான் எனக்கு யோசனை கோர்வையாக வரும். பொறுமையாகப் படி.

சுவிட்ச், பிரேக்கர் எல்லாம் பொருத்திய மின்பெட்டிகள் செய்யும் எங்கள் பேனல் போர்டு பட்டறையில் ஒயரிங் மேசையில் உட்கார்ந்துகொண்டே, படித்து முடித்த கையோடு வேலை கேட்டு வரும் பிள்ளைகள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். எங்கள் சூப்பர்வைசர் சான்றிதழை ஒரு தடவை புரட்டிவிட்டு வைத்துவிடுவார். அப்புறம் ஒரு துண்டு கேபிளையும், அதன் நுனியில் மாட்டும் உலோக முனையான ஒரு லக்கையும் கையில் கொடுத்து, "இதை கிரிம்ப் பண்ணிக் காட்டு", அதாவது நசுக்கி இறுக்கிக் காட்டு, என்பார். தேர்வு அவ்வளவுதான். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் கவனிப்பது நிறைய. இன்சுலேஷனை உரிக்கும்போது உள்ளே இருக்கும் செம்பு இழைகளில் கத்தி படுகிறதா? லக்கின் அளவுக்குச் சரியான டையை, அதாவது நசுக்கும் அச்சை, தேடி எடுக்கிறார்களா? நாலைந்து இழை அறுந்துபோனால் மிச்சத்தை முறுக்கி லக்குக்குள் தள்ளி மறைக்கிறார்களா, இல்லை வெட்டிவிட்டு மறுபடி உரிக்கிறார்களா? கிரிம்ப் பண்ணி முடித்ததும், யாரும் சொல்லாமலே ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்கிறார்களா? மளமளவென்று முடித்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். "சார், இழை அறுந்துடுச்சு, இன்னொரு துண்டு வேணும்" என்று கேட்ட பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கிறார்.

அவர் அப்படிப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. லூசான இணைப்பில் ரெசிஸ்டன்ஸ் கூடும், சூடேறும். கரன்ட் இரண்டு மடங்கானால் அங்கே சூடு நான்கு மடங்கு. ஆனால் ஒயரில் ஓடும் கரன்ட் லோடுக்கு உரிய அளவிலேயே இருப்பதால், கரன்ட் அளவு மீறினால் சப்ளையைத் துண்டிக்கும் எம்சிபி டிரிப் ஆகாது. யாருக்கும் தெரியாமல் போர்டுக்குள் கருகிக்கொண்டே இருக்கும். "அனுபவம் இருக்கா?" என்று கேட்கிறவரின் மனதில் ஓடுவதும் இந்தப் பயம்தான். இவளை நம்பி ஒரு போர்டைத் திறந்து கொடுத்துவிட்டு நான் அடுத்த வேலையைப் பார்க்கப் போகலாமா என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதற்குப் பதில் உன்னிடம் இருக்கிறது. அதைச் சொல்லும் விதத்தில்தான் மாற்றம் வேண்டும்.

உன் பயோடேட்டாவில் "கடின உழைப்பாளி, விரைவில் கற்றுக்கொள்பவர்" என்று முதல் வரியில் போட்டிருக்கிறாய். எடுத்துவிடு. வருகிற பயோடேட்டா எல்லாவற்றிலும் அது இருக்கிறது. அங்கே நீ கையால் செய்த வேலைகளை எழுது: மாடிப்படிக்கு இருவழி சுவிட்ச் ஒயரிங், டிஸ்ட்ரிபியூஷன் போர்டு கட்டியது, மெகர் மீட்டர் வைத்து இன்சுலேஷன் தாங்குகிறதா என்று பார்த்தது, எர்த் ஒயர் அறுபடாமல் போகிறதா என்று எர்த் கன்டினியூட்டி எடுத்தது. பயிற்சியில் மோட்டாரைக் கிளப்பும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர், ஸ்டார் இணைப்பிலிருந்து டெல்டா இணைப்புக்கு மாறாமல் நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? மற்றவர்கள் டைமரைக் கழற்றி மாற்றிக்கொண்டிருக்க, நீ மட்டும் டிராயிங்கை விரித்து வைத்து, மீட்டரோடு ஒவ்வொரு முனையாக வோல்டேஜ் பார்த்துக்கொண்டே போய், ஒரு ஆக்ஸிலரி கான்டாக்டில், அதாவது துணைத் தொடுமுனையில், ஒயர் இடம் மாறியிருந்ததைப் பிடித்தாய். அன்று இரவு முழுக்க அதையே என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். நேர்முகத்தில் அதை அப்படியே சொல். எங்கே ஆரம்பித்தாய், எதைப் பார்த்ததும் எது இல்லை என்று ஒதுக்கினாய் என்று வரிசையாகச் சொல். கேட்கிறவர் எலக்ட்ரீஷியனாக இருந்தால் நிமிர்ந்து உட்காருவார். தெரியாததைக் கேட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படித் தெரிந்துகொள்வேன் என்பதையும் சேர்த்துச் சொல்.

ஆன்லைனில் விண்ணப்பம் போடுவதை நிறுத்த வேண்டாம், ஆனால் அதையே நம்பியும் இருக்காதே. சின்ன கான்ட்ராக்டர்கள் நிறையப் பேர் விளம்பரமே கொடுப்பதில்லை. நேரில் போ. காலையில் ஆட்கள் சைட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் போ. எலக்ட்ரிகல் சாமான் மொத்தமாக விற்கும் கடைகளில் கேட்டுப் பார். எந்த கான்ட்ராக்டர் புது வேலை எடுத்திருக்கிறார், யாருக்கு ஆள் பற்றவில்லை என்பது அங்கே நிற்பவர்களுக்குத் தெரியும். உன் பயிற்சி ஆசிரியரிடமும் பேசு. பழைய மாணவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று அவரிடம் ஒரு கணக்கு இருக்கும்.

எந்த மாதிரி வேலை என்று குழம்புகிறாய். கட்டட ஒயரிங்கில் பைப் போடுவதிலிருந்து கடைசி சுவிட்ச் வரை ஒரு முழு வேலையைப் பார்க்கலாம். முதல் சில மாதம் சுவர் வெட்டுவதும் கேபிள் சுருளைத் தூக்குவதுமாகத்தான் போகும். எந்த ஒயர் எந்தச் சுவர் வழியே எங்கே போகிறது என்பதை அப்போதே மனதில் வாங்கிக்கொள். ஆலைப் பராமரிப்பில் குறை கண்டுபிடிக்கும் மூளை வளரும். உனக்கு அதுதான் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. சோலார் வேலை வந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் விவரம் தெரிந்த ஆளோடு மட்டும் செய். 50 ஹெர்ட்ஸ் ஏசி கரன்ட் ஒரு நொடியில் 100 தடவை பூஜ்யத்தைத் தொடுவதால், இணைப்பைப் பிரிக்கும்போது எழும் மின்பொறியான ஆர்க் அணைய வாய்ப்பு உண்டு. சோலார் பேனலிலிருந்து வரும் டிசியில் அந்த வாய்ப்பே இல்லை. வெயில் இருக்கும்வரை பேனல் பக்கம் ஒயரில் வோல்டேஜ் இருந்துகொண்டேதான் இருக்கும், நீ எந்த சுவிட்சை ஆஃப் பண்ணினாலும்.

இரண்டு இடத்தில் கூப்பிட்டு, ஒன்றில் சம்பளம் கூடுதலாகவும் இன்னொன்றில் நல்ல சீனியரும் இருந்தால், சீனியர் இருக்கும் இடத்துக்குப் போ. வீட்டுச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். நல்ல சீனியர் இருக்கிறாரா என்று எப்படித் தெரியும் என்றால், கேட்டுவிடு. "நான் யாரோடு வேலை செய்வேன்? சப்ளையை நிறுத்திப் பூட்டுப் போட்டுவிட்டுத்தானே வேலை செய்வீர்கள்? டெஸ்டர், மீட்டர் நீங்கள் கொடுப்பீர்களா?" இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கிறவரிடம் நீ போக வேண்டாம், எவ்வளவு கொடுத்தாலும்.

இதில் மட்டும் அம்மா பிடிவாதக்காரி. ஆஃப் பண்ணியாச்சு என்று யார் சொன்னாலும், நீ பார்க்காமல் கை வைக்காதே. முதலில் சப்ளை இருக்கும் இடத்தில் டெஸ்டரை வைத்து, அது வேலை செய்கிறதா என்று பார். அப்புறம் நீ தொடப்போகும் இடத்தில் பேஸுக்கும் நியூட்ரலுக்கும், பேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் பார். மூன்று பேஸ் என்றால் பேஸுக்குப் பேஸும் பார். முடிந்ததும் மறுபடி சப்ளை இருக்கும் இடத்தில் வைத்துப் பார், ஏனென்றால் நடுவில் டெஸ்டரே செத்துப்போயிருக்கலாம். நியான் விளக்கு வைத்த டெஸ்டரை மட்டும் நம்பி இதைச் செய்யாதே, இரண்டு முனை டெஸ்டர் வாங்கிக்கொள். மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ், சார்ஜைத் தேக்கும் கெப்பாசிட்டர் இருக்கும் பேனலில் சப்ளையை நிறுத்தின பிறகும் சார்ஜ் நிற்கும். லேபிளில் போட்டிருக்கும் நேரம்வரை காத்திரு, அப்புறமும் அளந்து பார். கசிவைக் கண்டால் சப்ளையைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதே என்று தைரியம் கொள்ளாதே. எர்த்துக்குக் கசியும் கரன்ட்தான் அதற்குத் தெரியும். ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்துவிட்டால், நீயும் அதற்கு ஒரு லோடுதான்.

புது ஆள் என்பதால் "சீக்கிரம், லைவ்லேயே பண்ணிடு" என்று சொல்வார்கள். "சப்ளையை நிறுத்திட்டுப் பண்றேன் சார்" என்று குரலை உயர்த்தாமல் சொல். நீ எடுக்காத ரீடிங்கை எடுத்ததாக எழுதிக் கையெழுத்தும் போடாதே. உன் சான்றிதழை வைத்து நீ தனியாக எந்த அளவு வேலை செய்யலாம், எதற்கு மேலே மேற்பார்வை வேண்டும் என்பதையும் வேலைக்குச் சேரும் முன்பே விசாரித்து வைத்துக்கொள்.

அந்த ஒருவர் "பொண்ணு ஏணி ஏறுமா?" என்று கேட்டாரே, அதை நினைத்து நீ அழுதது எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த தடவை கேட்டால், "ஏறுவேன், ஃபைபர் ஏணி இருக்கிறதா?" என்று கேள். மின்சார வேலைக்கு அலுமினிய ஏணி ஆகாது என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பயோடேட்டாவை மாற்றி எழுதி இந்த வாரமே எனக்கு அனுப்பு. நான் எங்கள் சூப்பர்வைசரிடம் காட்டி, அவர் என்ன கேட்பார் என்று விசாரித்து எழுதுகிறேன். இங்கேயே சேர்த்துவிடச் சொல்லி நான் கேட்க மாட்டேன், நீயும் விரும்ப மாட்டாய் என்று தெரியும். நீ விண்ணப்பம் போட்ட ஆலை எதிலிருந்தாவது கூப்பிட்டால், எந்த நேரமானாலும் போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா