லஸ்கர் வீட்டிலிருந்து ஒரு நன்றி மடல்

உறவுகளுக்கும், ஊர்க்காரர்களுக்கும், கால்வாய்க் கரை ஊர்களின் சம்சாரிகளுக்கும் வணக்கம்.

மார்கழியில் எங்கள் அப்பா தவறிப்போனார். பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. கேதத்துக்கு வந்தவர்களை வாசல் வரை வந்து அனுப்பிவைக்க அன்றைக்கு எங்கள் யாருக்கும் தெம்பில்லை. நேரில் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

அப்பாவைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலூர்ப் பக்கம் பெரியாறு பிரதானக் கால்வாயின் கிளை ஒன்றில் அவர் லஸ்கர், அதாவது ஷட்டரைத் திறந்து அடைக்கிற கால்வாய்க் காவலர். தினக்கூலியாகச் சேர்ந்து, பல வருசம் காத்திருந்து நிரந்தரமானவர். 2021ல் பொதுப்பணித்துறையிலிருந்து நீர்வளத்துறை தனியாகப் பிரிந்த பிறகும் அவர் வாயில் அது பி.டபிள்யூ.டி.தான். விடிந்ததும் தண்ணீர் மட்டம் காட்டும் கேஜைப் பார்த்து நோட்டில் குறிப்பது, ஷட்டருக்கு கிரீஸ் வைப்பது, கரையில் முளைத்த கருவேலையை வெட்டுவது, ராத்திரியில் எவனாவது மடையைத் தூக்கிவிட்டானா என்று டார்ச்சோடு நடப்பது, இதுதான் வேலை. ஷட்டர் சாவியைச் சைக்கிள் கேரியரில் கட்டியிருப்பார். அது கம்பியில் மோதுகிற சத்தம் தெருமுனையில் கேட்டால் அம்மா உலையைக் கிளறுவார்.

தேக்கடியில் புறப்படுகிற தண்ணீர் வைகை அணைக்கு வந்து, பேரணையில் கால்வாய்க்குத் திரும்பி, கள்ளந்திரி தாண்டித்தான் எங்களிடம் வரும். கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், 45,041 ஏக்கர். அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம், 85,563 ஏக்கர். 120 நாள் தண்ணீர் விட்டால் முதல் 45 நாள் நிற்காமல் வரும், மிச்சம் 75 நாள் முறை வைத்து, மாற்றி மாற்றித்தான். அந்த முறை நாட்களில் எங்கள் வீட்டுக்கு வராத ஏச்சு கிடையாது. தலைமடைக்காரர் ஒரு பக்கம், கடைமடைக்காரர் மறுபக்கம். வீட்டுச் சுவரில் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக் படம் ஒன்று உண்டு. "1895ல கட்டுனவருக்குப் படம், இன்னைக்குத் தொறந்து விடுறவனுக்கு ஏச்சு" என்று அதைப் பார்த்துச் சிரிப்பார். பாதி நிஜமாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகும் விடியற்காலையில் கரையில் நடப்பதை அவர் விடவில்லை. அங்கேதான் விழுந்தார். பார்த்தது பால்காரத் தம்பி. கேனைக் கரையில் போட்டுவிட்டு, 108க்குப் போன் செய்து, வண்டி வரும்வரை அப்பா தலையை மடியில் வைத்திருந்திருக்கிறார். அன்றைக்கு அவருக்குக் கெட்டுப்போன பாலுக்குக் காசு கொடுத்தால் வாங்க மறுக்கிறார். தம்பி, இதைப் படித்தால் வீட்டுக்கு வாருங்கள், அம்மா கோபமாக இருக்கிறார்.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் நாலு நாள். வார்டுக்கு வெளியே தன் பாயில் பாதியை அம்மாவுக்குக் கொடுத்த உசிலம்பட்டி அக்காவுக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொன்ன நர்ஸ் பிள்ளைகளுக்கும் நன்றி.

இப்போது அந்த லஸ்கர் தம்பி. அப்பா இருந்த செக்‌ஷனை இப்போது பார்க்கிறவர். அப்பாவை எடுக்கிற அன்றைக்கு எங்கள் கிளைக்கு அடைப்பு, முறை அடுத்த கிளைக்கு. அப்பாவைக் குளிப்பாட்ட எடுத்துவரும் நீர்மாலைக்குக் கால்வாய்த் தண்ணீர்தான் வேண்டும் என்று சித்தப்பா ஒற்றைக்காலில் நின்றார். கம்மாயில் தண்ணீர் கிடந்தது, ஆனாலும் கேட்கவில்லை. "ரெண்டு குடத்துக்குத்தானே, ஷட்டரை ஒரு சாண் தூக்குங்க" என்று பத்துப் பேர் அந்தத் தம்பியைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் தூக்கவில்லை. "அண்ணன் இருந்தா என்னையத் தொறக்க விடுவாரா?" என்று மட்டும் கேட்டார். பிறகு ரெண்டு பிளாஸ்டிக் குடத்தைத் தன் டிவிஎஸ்ஸில் கட்டிக்கொண்டு பிரதானக் கால்வாய்க்கே போய், தளும்பத் தளும்பக் கொண்டுவந்தார். பேண்ட் முழுக்க நனைந்திருந்தது. அந்தத் தண்ணீரைச் செம்புக் குடத்தில் மாற்றித்தான் நீர்மாலை எடுத்தோம். அன்றைக்கு அவரை வைதவர்களில் நானும் ஒருத்தி. தம்பி, திறக்காமல் இருந்ததற்கு நன்றி. வைததை மனதில் வைக்காதீர்கள்.

கடைமடைப் பெரியவர் ஒருவர் அப்பாவோடு பல வருசம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார். காரணம் ஊருக்கே தெரியும், தண்ணீர்தான். பதினாறுக்கு ஒரு மூட்டை அரிசியோடு வந்து இறக்கினார். "ஒங்கப்பன் எனக்கு ஒரு முறைத் தண்ணி பாக்கி ஆத்தா" என்றார். அழுவதா சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. காப்பி குடிக்கச் சொன்னேன், குடிக்கவில்லை.

அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்கு ஓர் அலுவலகத்தில் அஞ்சு தடவை அலையவிட்டார்கள். பணிப்பதிவேட்டில் அம்மா பெயரில் ஒரு எழுத்து மாறிக் கிடந்ததாம். முப்பது வருசம் யார் கண்ணிலும் படாத எழுத்து. அடுத்த தெருவில் இருக்கிற ரிட்டையர்டு கிளார்க் மாமா எங்கள் திண்ணையில் உட்கார்ந்து மனு எழுதி, ஆதார், ரேசன் கார்டு, வாரிசுச் சான்று எல்லாவற்றையும் வரிசையாகக் குத்தி, கூடவே பஸ் ஏறி வந்தார். ஆறாவது தடவை வாங்கிக்கொண்டார்கள். மாமா, பஸ் டிக்கெட்டையும் நீங்களே எடுத்தது சரியில்லை.

பந்தல் போட்டவர்கள், ஐஸ் பெட்டிக்கு ராத்திரியோடு ஓடியவர்கள், மூன்று நாள் எங்கள் அடுப்பு எரியாமலே எங்களுக்குச் சோறு போட்ட பங்காளி வீடுகள், நாற்றங்கால் காலத்து நட்பை மறக்காமல் வெள்ளலூர் நாட்டிலிருந்து வந்தவர்கள், எல்லோருக்கும் எங்கள் கும்பிடு.

கடைசியாக ஒன்று. காரியத்துக்கு இரவல் வந்த பாத்திரங்களில் ரெண்டு அண்டா, ஒரு பித்தளைக் கரண்டி யாருடையது என்று தெரியாமல் எங்கள் கொட்டத்தில் கிடக்கிறது. பெரிய அண்டாவின் விளிம்பு ஓரிடத்தில் நசுங்கியிருக்கும். எங்களால் இல்லை, வரும்போதே அப்படித்தான் வந்தது. உடையவர்கள் வந்து எடுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
லஸ்கர் வீட்டு மூத்த மகள்