தேயிலைக்கு அப்பாலும் நீலகிரி உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

நீலகிரியின் பொருளாதாரம் என்றாலே பச்சைத் தேயிலை விலையும் கோடை சீசனும்தான் பேச்சு. மருந்து செய்தும் பிழைத்த மலை இது என்பது பலருக்கு மறந்தே போயிற்று. நடுவட்டத்தில் சிங்கோனா பட்டையிலிருந்து மலேரியாவுக்குக் கொயினா எடுத்தார்கள். குன்னூர் பாஸ்டியர் நிறுவனம் 1907 முதல் இயங்குகிறது. வெறிநாய்க்கடி மருந்தில் தொடங்கி குழந்தைகளின் முத்தடுப்பூசி வரை தயாரித்த இடம். சிம்ஸ் பூங்காவுக்கு வருகிறவர்கள் அந்தக் கட்டடத்தைப் படம் பிடிப்பதோடு சரி.

இத்தகைய நிறுவனம் தருவது விஞ்ஞானிகளுக்குச் சம்பளம் மட்டுமல்ல. குளிர்பதன மெக்கானிக், குப்பி கழுவுபவர், வாசல் டீக்கடை என்று காசு ஊருக்குள் இறங்கும். 1960-இல் உருவான உதகை போட்டோ ஃபிலிம் ஆலை முடங்கிய பிறகு இந்துநகர் எப்படி இருக்கிறது என்று போய்ப் பார்த்தால் புரியும்.

உதகையில் மருந்தியல் படித்த எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பெங்களூரில்தான் வேலை. மாதம் ஒரு முறை வந்து, வர்க்கிப் பொட்டலத்துடன் பஸ் ஏறிப் போகிறாள். பெரிய ஆலை கேட்கவில்லை. மண்சரிவுப் பயம் எங்களுக்கும் உண்டு. பூட்டிக் கிடக்கும் அரசுக் கட்டடங்களில் சிறு ஆய்வகங்களுக்கு இடம் கொடுக்கலாமே?

ஒரு வாசகர், வெலிங்டன், நீலகிரி