முதலில் அளவுகோல், பிறகு எண்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத்தில் நடக்கும் அரசியல் விவாதங்கள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, தம் கருத்தோடு ஒத்துப்போகும் கருத்தையே மக்கள் பெரிதும் ஏற்கிறார்கள் என்பதைச் சரியாகவே சொல்கிறது. ஆனால் அதற்குக் காரணம் சமூக வலைத்தளங்களின் அல்காரிதம் (யாருக்கு எந்தப் பதிவைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் நிரல்) என்றும், கல்வியும் எதிர்த்தரப்பை வாசிப்பதும் அதற்கு மருந்து என்றும் முடித்திருக்கிறது. இந்த மூன்றையுமே ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வந்த விடைகள் கட்டுரையின் முடிவோடு பொருந்தவில்லை என்பதால் இந்தக் கடிதம்.

நம் ஊரில் ஓயாமல் நடக்கும் கடன் விவாதத்தை எடுத்துக்கொள்வோம். 2025-26 தமிழக நிதிநிலை அறிக்கை, 2026 மார்ச் 31 அன்று மாநிலத்தின் நிலுவைக் கடன் ஏறத்தாழ 9.30 லட்சம் கோடி ரூபாயாக இருக்கும் என்று மதிப்பிட்டது. மாநில மொத்த உற்பத்தி மதிப்பில் இது 26.07 சதவீதம். அதே ஆண்டுக்கு இந்திய அரசின் மதிப்பீடு, நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 56.1 சதவீதம், தொகையாக 190 லட்சம் கோடிக்கும் மேல். மாநில ஆளுங்கட்சியைப் பிடிக்காதவர் தமிழகத்துக்கு மிரட்டும் தொகையைச் சொல்வார், டெல்லிக்குத் தொகையை விட்டுவிட்டு விகிதத்தை மட்டும் சொல்வார். டெல்லி ஆளுங்கட்சியைப் பிடிக்காதவர் இதைத் தலைகீழாகச் சொல்வார். நான்கு எண்களும் அரசு ஆவணங்களில் உள்ளவை. உண்மை சரிபார்ப்பவர்களிடம் கொடுத்தால் நான்கும் தேறிவிடும். விடையைப் பார்த்த பிறகு அளவுகோலைத் தேர்ந்தெடுப்பதுதான் இதில் உள்ள கோளாறு. பொய்ச் செய்தியைப் பற்றி இவ்வளவு பேசும் நாம் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

இதே கோளாறை 1979இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வாளர்கள் சார்ல்ஸ் லார்ட், லீ ராஸ், மார்க் லெப்பர் ஆகியோர் 48 மாணவர்களை அழைத்தார்கள். பாதிப் பேர் மரண தண்டனையை ஆதரிப்பவர்கள், பாதிப் பேர் எதிர்ப்பவர்கள். எல்லோருக்கும் இரண்டு ஆய்வுச் சுருக்கங்கள் தரப்பட்டன. மரண தண்டனையால் கொலைகள் குறைகின்றன என்றது ஒன்று, குறையவில்லை என்றது மற்றொன்று. இரண்டுமே சோதனைக்காக இட்டுக்கட்டியவை. ஒன்றில் சட்டம் வருவதற்கு முன்னும் பின்னும் ஒப்பீடு. மற்றொன்றில் பக்கத்துப் பக்கத்து மாநிலங்களின் ஒப்பீடு. எந்த முறைக்கு எந்த முடிவு என்பதையும் ஆளுக்கு ஆள் மாற்றிக் கொடுத்தார்கள். முடிவு தமக்குச் சாதகமாக இருந்தபோது முறை நன்றாக இருப்பதாகவும், பாதகமாக இருந்தபோது அதே முறையில் ஓட்டைகள் இருப்பதாகவும் மாணவர்கள் எழுதினார்கள். இரு தரப்பையும் படித்து முடித்தபின், தம் பழைய நிலைப்பாடு மேலும் உறுதிப்பட்டதாகவே இரு அணியும் சொன்னது.

படித்தவர்களுக்கு இது நேராது என்று எண்ணுபவர்கள் அமெரிக்க ஆய்வாளர் டான் கஹன் குழுவினர் 2013இல் வெளியிட்ட சோதனையைப் பார்க்க வேண்டும். 1,111 அமெரிக்கர்களில் ஒரு பகுதியினருக்குத் தோல் தடிப்புக்கான களிம்பு பற்றிய நான்கு எண்கள் காட்டப்பட்டன. களிம்பு தடவியவர்களில் 223 பேருக்குக் குணம், 75 பேருக்கு முற்றியது. தடவாதவர்களில் 107 பேருக்குக் குணம், 21 பேருக்கு முற்றியது. 223 என்ற பெரிய எண்ணைப் பார்த்ததும் களிம்பு வேலை செய்கிறது என்று தோன்றும். கூட்டிப் பாருங்கள்: தடவிய 298 பேரில் குணமானவர்கள் 75 சதவீதம், தடவாத 128 பேரில் 84 சதவீதம். களிம்பு தடவாமல் இருந்தவர்களே தேவலை. பாதிக்கு மேற்பட்டவர்கள் இதில் தவறினார்கள். கணக்கறிவு உள்ளவர்கள் கூடுதலாகச் சரியாகச் சொன்னார்கள்.

மற்றவர்களுக்கு அதே எண்களில் பெயரை மட்டும் மாற்றினார்கள். களிம்புக்குப் பதில், பொது இடத்தில் துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்வதற்குத் தடை. குணத்துக்குப் பதில், குற்றங்கள் குறைந்த நகரங்கள். இப்போது கணக்கில் கெட்டிக்காரர்களும் கட்சிவாரியாகப் பிரிந்தார்கள். மேலோட்டமாகத் தெரியும் விடை தம் தரப்புக்கு இனித்தால் அங்கேயே நின்றுவிட்டார்கள். கசந்தால் மட்டும் வகுத்துப் பார்த்தார்கள். கணக்கறிவு கூடக்கூட இந்தப் பிளவு பெரிதாகும் என்பது கஹனின் முடிவு. சுவீடன் ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட மறுசோதனையில் தம் தரப்புக்கான சாய்வு தென்பட்டது, ஆனால் கணக்கறிவோடு அது வளர்கிறது என்பது உறுதிப்படவில்லை. எப்படிப் பார்த்தாலும் கணக்குத் தெரிவது மட்டும் காப்பாற்றாது. நமக்கு வரும் பெரும்பாலான அரசியல் ஃபார்வர்டுகளில் நான்கு எண்கள்கூட இருப்பதில்லை, அந்த 223 மட்டும்தான் இருக்கும்.

அல்காரிதம் பற்றி: 2020 அமெரிக்கத் தேர்தலையொட்டி மூன்று மாதங்களுக்கு, ஃபேஸ்புக் பயனாளர்கள் 23,377 பேருக்கு ஒத்த கருத்துடையோரின் பதிவுகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைக்கப்பட்டன. அவர்களுடைய அரசியல் நிலைப்பாட்டில் அளக்கத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை என்று 2023இல் நேச்சர் அறிவியல் இதழில் அறிக்கை வந்தது. எதிர்த்தரப்பை வாசிப்பது பற்றி: 2018இல் வெளியான கிறிஸ்டோபர் பெய்ல் குழுவின் ஆய்வில், ட்விட்டர் பயனாளர்களுக்கு 11 டாலர் கொடுத்து, எதிரணிக் கருத்துகளைப் பகிரும் கணக்கு ஒன்றை ஒரு மாதம் பின்தொடரச் செய்தார்கள். குடியரசுக் கட்சியினர் முன்னைவிட அழுத்தமான பழமைவாதிகளானார்கள். ஜனநாயகக் கட்சியினரிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை.

தளத்தின் அமைப்புக்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. விருப்ப எண்ணிக்கை (லைக்) விஷயத்தில் சான்று வலுவானது. ஒரு செய்தித் தளத்தின் லட்சத்துக்கு மேற்பட்ட பின்னூட்டங்களை வைத்து நடந்து, 2013இல் வெளியான சோதனையில், புதிதாக இட்ட கருத்துகளில் சிலவற்றுக்கு ஆய்வாளர்களே கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஆதரவு வாக்குப் போட்டார்கள். அடுத்து வந்தவர் ஆதரவு தரும் வாய்ப்பு 32 சதவீதம் கூடியது; இறுதி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் உயர்ந்தது. அதேபோல் எதிர்வாக்குப் போட்டபோது பின்வந்தவர்கள் அதைச் சரிக்கட்டிவிட்டார்கள். அதாவது பொய்யான பாராட்டு நிலைத்தது, பொய்யான கண்டனம் நிலைக்கவில்லை. அரசியல் பகுதியில் இது தெளிவாகவே தெரிந்தது.

பலன் தந்த வழி ஒன்று உண்டு. அதே லார்டும் லெப்பரும் எலிசபெத் பிரஸ்டனும் மரண தண்டனைச் சோதனையைத் திரும்ப நடத்தி 1984இல் வெளியிட்டார்கள். ஒரு குழுவிடம், நீதிபதியைப் போல நடுநிலையோடு எடைபோடுங்கள் என்றார்கள். அது எடுபடவில்லை, நடுநிலையோடுதான் இருக்கிறோம் என்று ஒவ்வொருவரும் முன்பே நம்புகிறார்கள். மற்றொரு குழுவிடம், ‘இதே ஆய்வு இதே முறையில் நேர்மாறான முடிவைத் தந்திருந்தால் இதே மதிப்பெண் போடுவீர்களா?’ என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள். சாய்வு திருந்தியது.

நடைமுறையில் இதைச் செய்வது எளிது. வந்த செய்தியில் கட்சிப் பெயர்களை இடம் மாற்றி ஒருமுறை வாசிக்க வேண்டும். மாற்றியபின் மனத்தில் எழும் ஆட்சேபங்களை எழுதிக்கொள்ள வேண்டும்: எந்த ஆண்டிலிருந்து கணக்கு, எத்தனை பேரில் இத்தனை, விலைவாசி உயர்வைக் கழித்தார்களா, மற்ற மாநிலங்களில் எப்படி? அந்த ஆட்சேபங்களை மூலச் செய்தியிடம் அப்படியே கேட்க வேண்டும். விருப்ப எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுவது நல்லது. எல்லாச் செய்திக்கும் செய்ய நேரம் இருக்காது. படித்த உடனே பகிரக் கை பரபரக்கும் செய்திக்குச் செய்தால் போதும்.

இது கெட்டுப்போகும் இடமும் தெரிந்ததே. ‘அவங்க ஆட்சியில நடந்தப்ப எங்க போனீங்க?’ என்பதும் கிட்டத்தட்ட இதே கேள்விதான். ஆனால் அது எதிராளியை நோக்கி வீசப்படுவதால் அவர் தன் நிலையில் இன்னும் இறுகுகிறார், கேட்டவருக்கோ ஒன்றும் விளங்குவதில்லை. நமக்குப் பிடித்த செய்தியிடம் கேட்டால்தான் இந்தக் கேள்வி வேலை செய்யும்.

தங்கள் இதழுக்கு இரண்டு வேண்டுகோள்கள். கடன் பற்றி எழுதும்போதெல்லாம் மூன்று எண்களைச் சேர்த்தே அச்சிடுங்கள்: மொத்தத் தொகை, உற்பத்தி மதிப்பில் அதன் விகிதம், அரசின் வருவாயில் வட்டிக்குப் போகும் பங்கு. மாநிலத்துக்கும் இந்திய அரசுக்கும் இதே மூன்று எண்கள், இதே வரிசையில் வர வேண்டும். இரு கடன்களும் ஒரே தன்மையுடையவை அல்ல என்பதையும், மாநிலம் இந்திய அரசுக்குக் கடன் பாக்கி வைத்திருக்கும்வரை அரசமைப்பின் 293(3) பிரிவின்படி இந்திய அரசின் ஒப்புதல் பெற்றே புதுக் கடன் வாங்க முடியும் என்பதையும் ஒரு வரியில் சேர்க்கலாம். இரண்டாவதாக, ஒரு திட்டத்தால் இத்தனை பேர் பயனடைந்தார்கள் என்று எந்தக் கட்சி சொன்னாலும், திட்டம் எட்டாதவர்களில் எத்தனை பேர் நிலை மேம்பட்டது, எத்தனை பேர் நிலை மேம்படவில்லை என்ற இரு எண்களையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். தர மறுத்தால், கேட்டோம், தரவில்லை என்று அந்த இடத்திலேயே குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
புள்ளியியல் ஆசிரியர் ஒருவர்,
திருச்சி.