அண்ணனின் இடது கண்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பெயர் வைத்தாயிற்றா? நான் ஓய்வுபெற்ற பிறகும் வாரத்தில் சில நாள் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வீட்டிலேயே இருந்தால் மனைவி ஒட்டடை அடிக்கச் சொல்கிறாள்.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். 'லென்ஸ் ஆடுகிறது' என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு, கண்புரை ஆபரேஷனே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டீர்களாமே. அது சரியில்லை. கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸைச் சுற்றி மெல்லிய நார்கள், பந்தலை இழுத்துக் கட்டிய கயிறுகள் போல, அதைப் பிடித்து நிறுத்துகின்றன. சிறுவயதில் அவர் கண்ணில் கிட்டிப்புள் பட்டதே, அன்றைக்கே ஒரு பக்கத்து நார்கள் அறுந்திருக்கும். புரை முற்றி இறுகிவிட்டால், அதை எடுக்கும்போது மீதி நார்களும் இழுபடும். தள்ளிப்போட்டால் வேலை கடினமாகுமே தவிர எளிதாகாது.

முன்பெல்லாம் இப்படிப்பட்ட கண்ணென்றால் எங்களுக்கே கை நடுங்கும். 1990களில் வந்த ஒரு சிறு பிளாஸ்டிக் வளையம் நிலைமையை மாற்றியது. செயற்கை லென்ஸ் உட்காரப்போகிற, பை போன்ற லென்ஸ் உறைக்குள் அதை வைத்தால், உறை உள்ளிருந்து விரிந்து வட்டமாக நிற்கும். விட்டுப்போன பக்கத்தின் சுமையை மற்ற நார்கள் பகிர்ந்துகொள்ளும். நார்கள் அதிகமாக அறுந்திருந்தால் வளையத்தையே வெள்ளைவிழியோடு தைப்பார்கள். உறையே தாங்காது என்றால் அதை நீக்கிவிட்டு, செயற்கை லென்ஸின் இரு கால்களையும் வெள்ளைவிழிக்குள் செருகிவிடலாம். அதைத் திசுப்பசை கொண்டு ஒட்டும் முறையை 2007இல் சென்னையில்தான் கண் மருத்துவர் அமர் அகர்வால் செய்து காட்டினார். ஆகவே 'வளையம் இருக்கிறதா, மாற்று லென்ஸ் கைவசம் இருக்கிறதா, விழித்திரை மருத்துவர் உடன் இருப்பாரா' என்று கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்கிற இடத்தில் செய்துகொள்ளுங்கள்.

பார்வை எவ்வளவு திரும்பும் என்பதுதானே உன் கேள்வி? லென்ஸ் நடுவில் நிலையாக உட்கார்ந்து, பின்னால் இருக்கும் விழித்திரையும் கண் நரம்பும் நன்றாக இருந்தால், கண்ணாடி போட்டுக்கொண்டு செய்தித்தாள் படிக்கிற அளவுக்கு வருவதில் ஆச்சரியமில்லை. அடிபட்ட கண்ணில் எனக்குள்ள கவலை நாரைப் பற்றியது அல்ல. அன்று பட்ட அடி விழித்திரையில் தழும்பை விட்டிருக்கலாம். பல வருடம் கழித்துக் கண் அழுத்தத்தை ஏற்றி நரம்பை அரித்தும் இருக்கலாம். எனவே அழுத்தம் பார்த்து, விழித்திரையையும் நரம்பையும் பார்க்கச் சொல். புரை மறைத்தால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுப்பார்கள். நரம்பு போயிருந்தால் எந்த வளையமும் அதைத் திருப்பித் தராது என்பதை அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உன் மகன் சொல்கிற அந்த விலையுயர்ந்த, தூரமும் கிட்டமும் தெரிகிற லென்ஸ் இவருக்கு வேண்டவே வேண்டாம். அது துளி நகர்ந்தாலும் ஒளிவட்டமும் மங்கலும்தான் மிச்சம். ஒரே தூரத்துக்குத் தெளிவு தரும் ஒற்றைக் குவிய லென்ஸ் போதும். ஆபரேஷன் முடிந்து பல ஆண்டுகள் கழித்துக்கூட உறை சுருங்கி, லென்ஸ் உறையோடு சரிவதுண்டு. திடீரென மங்கினாலோ ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ உடனே காட்ட வேண்டும். பெரும்பாலும் திரும்பத் தூக்கிக் கட்டிவிடலாம்.

ஸ்கேன் எடுத்ததும் அதன் நகலை அனுப்பு. வலது கண்ணில் அவருக்கு இப்போது எவ்வளவு தெரிகிறது என்று நீ எழுதவே இல்லை. அதையும் கேட்டு எழுது.

அன்புடன்,
மாணிக்கம்