கெல்லரில் நீ வைத்துவிட்டுப் போனது

டோர்ட்முண்ட்
ஞாயிறு, பின்னேரம்

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை, படி ஏறும்போதுதான் பிடிக்கிறது. ஹம் அம்மன் கோயில் தேருக்கு நீ வருவாயா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறா. உனக்கு வேலை கூட என்று நான் சொல்லி வைத்திருக்கிறேன். போன் அடித்தால் நீ எடுக்கிறாய் இல்லை. வாட்ஸப்பில் ஒரு கட்டைவிரல் மட்டும் வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன். தமிழ் வாசிக்க உனக்கு நேரம் எடுக்கும், ஆறுதலாக வாசி.

வீட்டுக்குக் கீழே நிலவறையில், கெல்லரில், நீ வைத்துவிட்டுப் போன அந்த இரண்டாம் யுத்தத்து ஜேர்மன் ஆமி ஹெல்மெற்றை எடுத்துப் பார்த்தேன். கோபிக்காதே. வாஷிங் மெஷினுக்குப் பின்னால் துவாயில் சுற்றி வைத்தால் அம்மா காணமாட்டா என்று நினைத்தாயாக்கும். அவவுக்கு அது அயலில் யாருடைய கண்ணிலாவது பட்டுவிடுமோ என்றுதான் பயம். எனக்கு அந்தப் பயம் இல்லை. வீட்டுக்குள் வைத்திருப்பது குற்றமில்லை, நாசிகளின் சுவஸ்திகாச் சின்னத்தோடு வெளியில் காட்டினால்தான் சட்டம் வரும் என்று நீ முன்பே விளங்கப்படுத்தியிருக்கிறாய்.

எசன் பக்கம் யாரோ ஒரு கிழவரின் வீட்டுப் பரணில் இருந்தது, பிள்ளைகள் வீட்டைக் காலி செய்யும்போது விற்றார்கள் என்று சொன்னாய். சரி.

சாமான் அசல்தான். நீ படிப்பித்ததை வைத்தே சொல்கிறேன். விளிம்பை உள்ளே மடிக்காமல் வெட்டினபடியே விட்டிருக்கிறார்கள், ஆகவே 1942 மாடல். காற்றுத் துளை தகட்டிலேயே அழுத்தி எடுத்தது, 1935 மாடலில் வரும் தனி வளையம் இல்லை. உள்ளே இடப்பக்கம் டோர்ச் பிடித்துப் பார்த்தால் 'சிகேஎல் 66' என்று தெரிகிறது. அது தாலே ஊர்த் தொழிற்சாலையின் அடையாளம். முதலாம் யுத்தத்தில் 1916இல் தோல் தொப்பியை விட்டுவிட்டு இரும்புக்கு மாறினபோதும் அவர்கள்தான் அடித்துக் கொடுத்தார்கள் என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. 66 ஓடு என்றால் 58 அல்லது 59 சென்ரிமீற்றர் தலைக்கு. உனக்கு சைக்கிள் ஹெல்மெற் வாங்க அம்மா தையல் நாடாவால் அளந்தாவே, அதுவும் 58.

பக்கத்தில் ஆமியின் கழுகுச் சின்னம் ஒட்டியிருந்த தடமே இல்லை. 1943 ஆகஸ்டோடு அதை ஒட்டுவதை நிறுத்திவிட்டார்கள், ஆகவே அதுவும் பொருந்துகிறது. கூட விலைக்கு விற்கிறவன் என்றால் இந்த வெற்று ஓட்டில் ஹிட்லரின் எஸ்எஸ் படைச் சின்னம் ஒன்றை ஒட்டி, மேலே தேத்தண்ணீர்ச் சாயம் பூசி வைத்திருப்பான்.

ஆனால் தம்பி, நான் கார் பெயின்ற் பட்டறையில் காலம் முழுக்க நின்றவன். பரணில் கிடந்த இரும்பு எது, மண்ணில் கிடந்த இரும்பு எது என்று எனக்குத் தெரியாதா? பரணில் இருந்தால் பெயின்ற் இருக்கும், கீறின இடத்தில் மட்டும் மெல்லிய கபிலத் துரு படர்ந்திருக்கும். உள்ளே தோல் காய்ந்து சுருங்கினாலும் அந்த எட்டு நாக்கும் கிடக்கும். இதில் தோலும் இல்லை, நாடியில் கட்டும் வாரும் இல்லை. உள்வளையம் துருவோடு துருவாய் ஒட்டிக் கிடக்கிறது. ஒரு பக்கம் மட்டும் ஆழ ஆழக் குழி விழுந்திருக்கிறது, அந்தப் பக்கம் கீழே கிடந்திருக்க வேண்டும். வலது காற்றுத் துளைக்குள்ளால் ஒரு வேர் போகிறது. நகத்தால் கீறிப் பார்த்தேன், உள்ளே இன்னும் வெள்ளை, வளைத்தால் முறியவில்லை.

பரணில் மரம் வளராது.

போன மாதம் அம்மா தந்த கறிப்பெட்டிகளை வைக்க உன் காரின் பின்கதவைத் திறந்தது நான்தான். மடிக்கிற மண்வெட்டியில் இருந்த மண்ணும் இதன் உள்ளே ஒட்டியிருக்கிற மண்ணும் ஒரே நிறம். நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. நீ இருக்கிற ஆகனில் இருந்து ஹுர்ட்கன் காட்டுக்குக் காரில் எவ்வளவு நேரம் என்று மட்டும் பார்த்து வைத்திருக்கிறேன்.

அங்கே 1944 செப்ரெம்பரில் இருந்து அடுத்த பெப்ரவரி வரைக்கும் சண்டை. அமெரிக்கனும் ஜேர்மன்காரனும் மாறி மாறி விதைத்த மிதிவெடி இன்னும் முழுதாக எடுத்து முடியவில்லை. சண்டை முடிந்து வீட்டுக்குத் திரும்பி வந்த சனம் வயலிலும் காட்டிலும் வெடித்துச் செத்திருக்கிறது. உன் கையில் இருக்கிற, மண்ணுக்குள் உலோகம் தேடுகிற மெஷின் இரும்புக்குக் கத்தும். ஜேர்மன்காரன் மரப்பெட்டியில் மிதிவெடி செய்தவன், இருநூறு கிராம் வெடிமருந்து, ஒரு கால் போக அது காணும். கண்ணாடியிலும் செய்தவன். அதற்கெல்லாம் எந்த மெஷின் கத்தும்? பெரியப்பாவின் காலைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. சின்னவனாய் இருக்கும்போது நீ கேட்டாய், அம்மா "சாப்பிடு" என்றா.

முகமாலையில் ஆமிக்காரனும் போராளியும் போன பிறகும் எத்தனை வருடம் குந்தியிருந்து மிதிவெடி எடுக்க அங்குலம் அங்குலமாய்க் கிண்டினார்கள். அவர்கள் முகத்துக்கு மறைப்புப் போட்டு, கோடு கட்டி, சம்பளத்துக்குச் செய்கிறவர்கள். நீ சப்பாத்தோடு போகிறாய்.

நீ இதில் கெட்டிக்காரன், அதை நான் எல்லோருக்கும் சொல்லுவேன். இங்கே பழைய சாமான் சந்தையில் ஒருத்தன் அசல் ஜேர்மன் என்று நானூறு யூரோ சொன்ன ஹெல்மெற்றைத் திருப்பி, பின்னால் அறைந்திருந்த சின்ன இரும்புக் கொளுவியைக் காட்டி, "இது ஹங்கேரிக்காரனின் 1938 மாடல்" என்று மெதுவாகச் சொன்னாயே. அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். இன்னொன்றில் நூலுக்கு ஊதா லைற் அடித்து, வெள்ளையாய் மின்னினதும், "யுத்தத்துக்குப் பிறகு வந்த நூல்" என்று வைத்துவிட்டு வந்தாய். பட்டறையில் எங்கள் தலைமைத் தொழிலாளி, மைஸ்டர் கூட இவ்வளவு கூர்மையாகப் பார்த்ததில்லை. அப்படிப் பார்க்கிற பிள்ளை, தான் கொண்டுவந்ததைப் பற்றி அப்பாவுக்கு ஏன் கதை சொல்ல வேண்டும்?

இன்னொன்று. இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் பெயின்றையும் துருவையும் பற்றி இவ்வளவு எழுதினேன். ஹெல்மெற் கிடந்த இடத்தில் அதைப் போட்டிருந்தவன் எங்கே?

வொசனாக்கில் இருக்கிற அடக்கத்தலத்துக்குப் போயிருப்பாய், அதைத் தாண்டித்தானே காட்டுக்குப் போக வேண்டும். 2,300 பேருக்கு மேல் கிடக்கிறார்கள். யூலியுஸ் எராஸ்முஸ் என்று ஒரு மனிதர், படையில் கப்டனாக இருந்தவர், சண்டை முடிந்த பிறகு அங்கேயே தங்கி, காட்டுக்குள் கிடந்தவர்களைத் தேடித் தேடி எடுத்து ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை அடக்கம் செய்தார். அவர் கண்டுபிடிக்காதவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொருவன் கழுத்திலும் ஒரு தகடு, நடுவில் துளைக்கோடு. செத்தால் பாதியை முறித்துக் கொண்டுபோவார்கள், மற்றப் பாதி உடம்போடு கிடக்கும். அந்தப் பாதி கிடைத்தால் பெர்லினில் ஆவணக் காப்பகத்தில் பெயர் எடுக்கலாம் என்று நீயே சொன்னாய். நீ ஹெல்மெற்றை மட்டும் எடுத்துக்கொண்டு மண்ணை மூடிவிட்டு வந்தால், அடுத்த முறை முறைப்படி தேடுகிறவனுக்கு அந்த இடத்தில் மெஷின் கத்தாது.

மாமி காணாமல் போன மூத்தவனுக்கு இன்னும் சோறு எடுத்து வைக்கிறா. ஒரு எலும்பு காட்டினால் கூட நம்பிவிடுவேன் என்று போன கிழமையும் சொன்னா. அந்தக் காட்டில் கிடந்தவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பா. அவன் எந்தக் கட்சிக்காரன் என்று நான் கேட்கவில்லை. பிடித்துப் படையில் சேர்த்த பையனாக்கும்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கிண்டித் தேடுவதற்கு இங்கே அனுமதி வேண்டும், யாரிடம் எடுப்பது என்று பொன் நகரில் இருக்கிற தொல்பொருள் அலுவலகத்தைக் கேள். கடிதம் போடு. அனுமதி கிடைக்கும்வரைக்கும் காட்டுக்குப் போகாதே. கிடைத்தாலும் சண்டை நடந்த இடத்துக்குப் போகாதே. சேர்க்க வேண்டும் என்றால் காசு கொடுத்து வாங்கு, காசு காணாவிட்டால் நான் தருகிறேன். யுத்தம் முடிந்து சட்டிக்கும் பானைக்கும் வழியில்லாமல் இதே ஹெல்மெற்றில் துளை போட்டு வடியாக்கினார்களாமே, அப்படி ஒன்று சந்தையில் கண்டால் எனக்கும் வாங்கி வா. எனக்கு அதுதான் பிடிக்கும்.

எந்த இடத்தில் எடுத்தாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். போனில் பதிந்து வைத்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியும். அடுத்த சனி நான் ரெயிலில் வருகிறேன். காட்டுக்குள் இறங்க வேண்டாம். போர்க்கல்லறைச் சங்கத்துக்காரரிடம் இடத்தைச் சொல்லி, ஹெல்மெற்றையும் காட்டுவோம். உன்னை ஏசினால் நான் பக்கத்தில் நிற்கிறேன். தண்டம் கட்டச் சொன்னால் கட்டுவோம்.

அதுவரைக்கும் காட்டுக்குப் போகாதே.

அப்பா

பி.கு: ஹெல்மெற்றை அம்மா எறியச் சொல்லி நிற்கிறா, நான் விடவில்லை. வேரை வெட்டவும் இல்லை. கட்டைவிரல் அனுப்பாதே, போன் எடு.