தனி ஆவர்த்தனத்துக்கு நேரம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெங்களூரு ராமநவமிக் கச்சேரிகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சாமராஜபேட்டையில் 1939இல் தொடங்கிய ஸ்ரீ ராமசேவா மண்டலியின் விழா, கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்துப் பந்தல், வரிசையில் நின்று வாங்கும் பானகமும் கோசம்பரியும் என்று கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருந்தார். சென்னைக்காரர்களுக்கு மார்கழி எப்படியோ, இங்கே இருக்கும் எங்களுக்கு ராமநவமி அப்படித்தான். அதனால்தான் ஒரு குறையைச் சொல்லத் தோன்றுகிறது.

அத்தனை கச்சேரிகளை அலசிய கட்டுரையில் ராக ஆலாபனைகளுக்குப் பத்தி பத்தியாக இடம் இருந்தது. மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் கிடைத்ததோ ‘பக்கபலமாக அமைந்தது’ என்ற ஒரே வரி. எழுதியவரைக் கோபித்துக்கொள்ள மாட்டேன். கேட்டிருந்தால்தானே எழுதுவார்? பாட்டை நிறுத்திவிட்டுத் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம், இந்த ஊர்ப் பந்தல்கள் பலவற்றில் இப்போது நாலைந்து நிமிஷச் சமாசாரமாகச் சுருங்கிவிட்டது.

போன சீசனில் தெற்கு பெங்களூரில் ஒரு பந்தலுக்குப் போயிருந்தேன். யார் நடத்தியது என்பது வேண்டாம், நல்ல மனிதர்கள்தான். முதலில் சின்னப் பிள்ளைகளின் கச்சேரி. அது சரியான நேரத்தில் தொடங்கிச் சரியான நேரத்தில் முடிந்தது. அப்புறம் மேடையில் நாற்காலி போட்டார்கள். நன்கொடையாளர்கள் ஒவ்வொருவராக வர, தலைக்கு மைசூர் பேட்டா, தோளுக்குச் சால்வை, கழுத்துக்கு ஏலக்காய் மாலை, கையில் பழத்தட்டு. ஒவ்வொருவருக்கும் போட்டோ. போட்டோக்காரர் பேட்டாவைக் கொஞ்சம் நேராக வைக்கச் சொல்லி மறுபடியும் ஒன்று. ‘நான் அதிகம் பேசப் போவதில்லை’ என்று தொடங்கிய விருந்தினர் சொன்னபடி நடக்கவில்லை. இத்தனைக்கும் நடுவில், மிருதங்கக்காரர் திரைக்கு ஓரமாகத் தரையில் உட்கார்ந்து மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பிக்கு ரவை தடவிக்கொண்டிருந்தார்.

ஆறே முக்காலுக்கு உட்கார வேண்டிய பாடகர் உட்காரும்போது ஏழரை தாண்டிவிட்டது. காம்போஜியை எடுத்துக்கொண்டு அற்புதமாகப் பாடினார். ரெண்டு களை ஆதி தாளம், நிரவல், ஸ்வரம் எல்லாம் முடிந்து தனிக்கு விட்டபோது கடிகாரத்தில் ஒன்பது நாற்பது. மிருதங்கம் சவுக்க காலத்தில் ஒரு சுற்று வாசித்ததுமே ஒருவர் மேடை ஓரத்தில் குனிந்து ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். அதைப் பார்த்த கடக்காரரின் முகத்தை நான் மூன்றாவது வரிசையிலிருந்து பார்த்தேன். அவர் ஒரே ஒரு சுற்று வாசித்தார். குறைப்பு கிடையாது. நேராக முடிப்புக்கான மோரா, கோர்வை, முடிந்தது. உடனே ஒரு துக்கடா, மங்களம். வாசலில் போலீஸின் ஹொய்சளா ரோந்து வண்டி வந்து நின்றிருந்தது.

குறைப்பைக் கேட்காதவர்களுக்கு அந்த நஷ்டம் தெரியாது. ஒருவர் ஒரு ஆவர்த்தனம் வாசித்தால் மற்றவர் அதற்குப் பதில் சொல்வார். அது அரையாகும், காலாகும், குறைந்துகொண்டே போகும். கடைசியில் இருவரும் சேர்ந்து பாய்ந்து கோர்வைக்கு வரும்போது பந்தலே தாளம் போடும். மத்த நேரமெல்லாம் பாடகரை அனுசரித்தே வாசிக்கும் கலைஞருக்கு, தன் வித்தையைக் காட்ட ஒரு கச்சேரியில் இருக்கும் ஒரே இடம் இதுதான். கடம் வாசிக்கும் சுகன்யா ராம்கோபால் போன்றவர்கள் குடியிருக்கும் ஊரில் இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கேட்டால் எல்லோரும் பத்து மணிச் சட்டத்தைக் காட்டுகிறார்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது. கலை, மத விழாக்களுக்காக நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம், ஆனால் அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. ஒரு மாதம் நடக்கும் விழாவுக்கு இது காணாது. ஆனால் சட்டத்தில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பந்தலைச் சுற்றி இருக்கும் வீடுகளில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள், வயதானவர்கள் இருப்பார்கள். சௌடையா நினைவு மண்டபம் போன்ற மூடிய அரங்குக்கு மாறினால் இந்தத் தடை இல்லை என்கிறார்கள். வேண்டவே வேண்டாம். ஆபீஸிலிருந்து நேராக லஞ்சுப் பையோடு வந்து கடைசி வரிசையில் நின்று கேட்கிறவருக்குப் பந்தல்தான் வசதி.

பத்து மணி என்பது திடீரென்று வருவதில்லை. தினமும் அதே நேரத்துக்குத்தான் வருகிறது. தாமதம் முழுக்க முன்னால் நடக்கிறது, வெட்டு மட்டும் கடைசியில் விழுகிறது. பாட்டில் கை வைத்தால் பாடகருக்குக் கோபம் வரும், பேச்சில் கை வைத்தால் நன்கொடை நின்றுவிடும். தனி வாசிப்பவர் யாரிடம் போய்ச் சொல்வார்?

ரசிகர்களான நாமும் சும்மா இல்லை. தனி தொடங்கியதும் செருப்பைத் தேடி எழுந்துவிடுகிறோம். மெட்ரோ பத்து மணிக்கு மேலும் ஓடுகிறது, ஐயா. எழுந்து போகிறவர்கள் கூட்டத்தைப் பார்த்தால், ‘இதைக் குறைத்தால் யாருக்கும் நஷ்டமில்லை’ என்று அமைப்பாளர் நினைப்பது நியாயமாகத்தான் படும்.

என் யோசனை சாதாரணமானது. எல்லாப் பாராட்டுகளையும் விழாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சேர்த்து வைத்துவிடலாம். நன்கொடையாளர்களுக்கு அதுவே பெரிய கௌரவமாக இருக்கும், போட்டோவும் பகல் வெளிச்சத்தில் நன்றாக விழும். தினசரி நிகழ்ச்சி நிரலில் ‘தனி: 9.00’ என்று அச்சடிக்கட்டும். அச்சில் இருந்தால் மீற யோசிப்பார்கள்.

அடுத்த வருஷம் உங்கள் விமர்சகரை அனுப்பும்போது மங்களம் வரை உட்காரச் சொல்லுங்கள். தனி எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை நிமிஷம் நடந்தது, குறைப்பு இருந்ததா என்பதை ஒவ்வொரு விமர்சனத்திலும் ஒரு வரி போடச் சொன்னால் போதும். பந்தல் நடத்துகிறவர்கள் உங்கள் இதழைப் படிக்கிறவர்கள்தான்.

இப்படிக்கு,
ஜெயநகர் வாசகர் ஒருவர்,
பெங்களூரு